சுக்கு எங்கள் வீட்டுப் பன்றி

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது தொடங்கி, பி.யு.சி. முதல் வருடத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முடிந்துபோன விஷயம் இது. நடந்த இடம் கோலார் தங்கவயல், மாரிகுப்பம். முடிந்து எட்டு வருடம் ஆகிறது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

சுரங்கம் ஓடிய ஊரை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ஊர், விடிவதற்கு முன்பே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பி வரும் ஊர். அப்பா ஒரு குடோனில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. அம்மா ஓர் அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங். இரண்டு பேரும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் வருவார்கள். நான் ஒரே பிள்ளை. கண் விழிக்கும்போது வீட்டில் ஆள் இருக்காது. சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கும், பக்கத்தில் வீட்டுச் சாவி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எட்டரை மணி வரைக்கும் நானும் சுவரும்தான். எங்கள் லைனில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தோம், அதனால் அதை ஒரு குறையாகச் சொல்லவும் எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்கு அப்பா அம்மா உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். எங்களுக்குப் பின் லைனில் ஓர் அத்தை பன்றி வளர்த்தாள். சொந்த அத்தை இல்லை, கூப்பிடும் முறைதான். ஒரு நாள் மாலை அவள் பட்டியின் பக்கம் போனபோது, தாய்ப்பன்றி புரண்டு படுத்ததில் ஈன்ற குட்டிகளில் பாதி நசுங்கிக் கிடந்தது. மிச்சமிருந்ததில் ஒன்று உள்ளங்கை அளவுதான் இருக்கும். பால் குடிக்க இடம் கிடைக்காமல் ஓரமாகத் தள்ளப்பட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. தோலெல்லாம் சுருங்கி, காய்ந்த சுக்கு மாதிரி.

“அது பொழைக்காது, வுடு” என்றாள் அத்தை. நான் பாவாடையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெரிய இரக்கம் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு வீட்டுக்குத் தனியாகப் போக எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எட்டரை ரயிலில் வந்த அம்மா, வாசலிலேயே நின்றுவிட்டாள். “இன்னாடி இது? பன்னிக்குட்டியா?” என்று கேட்டுச் சிரிக்கக்கூடச் செய்தாள். அப்பா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றாமல் நின்று குட்டியையே பார்த்தார்.

“எங்கப்பா பன்னி வளத்தாரு. இஸ்கோல்ல என் பேரே பன்னிக்காரன் மவன்தான். அத்த மறக்கத்தான் தெனம் ரயில்ல தொங்கிக்கினு போறேன். நீ திரும்பவும் ஊட்டுக்குள்ள கொணாந்துட்டியா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வாரம் என்றார். ஒரு வாரத்தில் குட்டி பிழைத்தால் அத்தையிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பிழைக்காவிட்டால் புதைத்துவிட வேண்டும். ராகிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, பழைய பால் பாட்டிலில் ஊற்றி, பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் கொடுத்தேன். குட்டி பிழைத்தது. ஒரு வாரம் போய் ஒரு மாதம் ஆனது. திருப்பிக் கொடுக்கும் பேச்சை அப்பா எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பன்றியோடு பழகாதவர்களுக்கு இதெல்லாம் கதை விடுகிற மாதிரி இருக்கும். சுக்குவுக்கு என் காலடிச் சத்தம் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது தெருக்குழாயடியில் நின்றிருக்கும், என் பின்னாலேயே வீட்டுக்கு வரும். நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்காரும். வீட்டுப் பாடத்தை உரக்கப் படித்தால் காதை ஆட்டும், கணக்குப் போடும்போது தூங்கிவிடும். அதில் அதற்கும் எனக்கும் ஒரே குணம். எட்டரை ரயில் எனக்குக் கேட்பதற்கு முன்பே எழுந்து வாசலுக்குப் போய்விடும். ஏனென்றால், அம்மா வேலை செய்யும் அபார்ட்மெண்டில் கழித்துப்போடும் காய்கறித் தோலையும் காய்ந்த சப்பாத்தியையும் ஒரு பையில் கட்டி, அந்த நெரிசலில் மடியில் வைத்துக்கொண்டு கொண்டுவருவாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பிடிப்பார்களாம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பன்றிக்கறியும் நின்றுபோனது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா தானாகவே கோழிக்கு மாறிவிட்டாள்.

ஒன்பதாவதில் எனக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல். முதல் நாள் அம்மா லீவு போட்டாள். இரண்டாவது நாள் போட்டால் வேலையிலிருந்து நின்றுவிடச் சொல்வார்கள் என்று, அழுதுகொண்டேதான் ரயிலுக்குப் போனாள். அன்று முழுக்கப் பாயின் ஓரத்தில் சுக்கு என் முதுகை ஒட்டிப் படுத்திருந்தது. கஞ்சி குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. அந்தச் சூட்டை நான் இன்னும் முதுகில் உணர்கிறேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், நான் என்ன செய்தேன் என்பது முழுசாகப் புரிய வேண்டும் என்பதுதான்.

பத்தாவது நன்றாகப் பாஸ் செய்தேன். ஊருக்குள் இருந்த ஒரு காலேஜில் பி.யு.சி. காமர்ஸ். அங்கே மூன்று தோழிகள் கிடைத்தார்கள். ஒருத்தியின் அப்பா காண்டிராக்டர், இன்னொருத்தியின் வீட்டில் கார் இருந்தது, மூன்றாவது பெண் பெங்களூரில் படித்து வந்தவள். மூன்று பேரும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து படபடவென்று பேசுவார்கள். அவர்களோடு கேண்டீனில் உட்கார இடம் கிடைத்ததே எனக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

எங்கள் ஊரில் புதிதாக யாரைச் சந்தித்தாலும் கேட்கும் முதல் கேள்வி, “எந்த லைன்?” என்பதுதான். சாதாரணமாகத்தான் கேட்பார்கள். ஆனால் லைனின் பெயரைச் சொன்னால் தாத்தா சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தார், என்ன ஜாதி என்பதுவரை சிலருக்குத் தெரிந்துவிடும். அந்த மூன்று பேரும் கேட்டபோது, “ஸ்டேஷன் பக்கம்” என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். அதோடு பன்றியும் வளர்க்கிறோம் என்று தெரிந்தால் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து காலேஜுக்குக் கிளம்பும் முன் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தேன். சுக்கு பக்கத்தில் வந்தால் “போ” என்று காலால் தள்ளினேன். வீட்டுக்குப் பின்னால் உபயோகமில்லாத பழைய கக்கூஸ் ஒன்று இருந்தது, பகலில் அதை அங்கே அடைத்துவைக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் எப்படியோ வெளியே வந்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் என் பின்னாலேயே வந்துவிட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கல்லை எடுத்து வீசினேன். விளையாட்டு என்று நினைத்துக் கல் விழுந்த இடத்துக்கு ஓடி, முகர்ந்துவிட்டு, திரும்பி என்னிடமே வந்தது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் ஆட்டோவில் மைக் கட்டி ஒரு அறிவிப்புச் சொல்லிக்கொண்டு போனார்கள். தெருவில் திரியும் பன்றிகளைப் பிடிக்க வண்டி வருகிறது, வளர்ப்பவர்கள் அவரவர் பன்றியை அடைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று பாஷையில் சொன்னார்கள். அம்மா வெள்ளிக்கிழமை இரவே, “நாளைக்கி அத்த வெளிய வுடாதடி” என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். சனிக்கிழமை காலையில் சுக்குவைப் பின்னால் அடைத்து, தாழ்ப்பாள் துருப்பிடித்து ஆடியதால் கதவுக்கு ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்தேன்.

மத்தியானம் போன் வந்தது. அந்த மூன்று பேரும் மாரிகுப்பம் ஸ்டேஷனில் நிற்கிறார்கள். எங்கள் லைனுக்கு அந்தப் பக்கம், தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண், மலை மலையாகக் கிடக்கும். சயனைட் மேடு என்போம். காற்றடித்தால் அந்த மண் எங்கள் சோற்றில் விழும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது போட்டோ எடுக்க நல்ல இடம். அங்கே படம் எடுத்துக்கொண்டு, உன் வீட்டிலும் தண்ணி குடித்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு பொய்கூட அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை.

மேட்டில் ஒரு மணி நேரம் படம் எடுத்தோம். பிறகு வீட்டுக்கு அழைத்து வந்தேன். வீடு சின்னது, ஆனால் சுத்தமாக இருந்தது. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து ஜூஸ் குடித்தோம். சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். என் சிரிப்புச் சத்தம் பின்பக்கம் கேட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லைன் முனையில் இரும்பு வலை அடித்த மினி லாரி வந்து நின்றது. நான்கைந்து ஆட்கள் நீளக் கம்பில் சுருக்குக் கயிறு கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். எங்கேயோ ஒரு பன்றி அலறியது. மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அப்போதுதான் பின்னால் கல் உருளும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் வீட்டைச் சுற்றிக்கொண்டு சுக்கு ஓடி வந்தது. வந்து, அத்தனை பேர் இருக்க, நேராக என் காலில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது.

“ஐயோ, சீ!” என்று ஒருத்தி படியின் மேல் ஏறிக்கொண்டாள். “உன்கிட்ட ஏன் வருது இது?”

பின்னாலேயே ஒரு ஆள் கம்போடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். அவசரப்படாமல் நின்று பார்த்தார். சுக்குவின் கழுத்தில் என் பழைய ஸ்கூல் ரிப்பன் இருந்தது, அதையும் பார்த்தார்.

“யார்துமா இது? உங்குளுதா? உங்குளுதுன்னா சொல்லு, வுட்டுட்டுப் போறேன்.”

“இல்ல” என்றேன்.

அவர் போகவில்லை. என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில் இன்னொரு தடவை கேட்டார். “நல்லா பாத்துச் சொல்லு. பழகின பன்னி மாதிரி கீது.”

“எங்குளுது இல்ல. யார்துன்னே தெரியாது.”

அதற்கு மேல் அந்த மனுஷர் என்ன செய்வார்? சுருக்கைப் போட்டார். கழுத்தில் கயிறு விழும்வரைக்கும் சுக்கு அசையவே இல்லை, என் காலை விட்டு நகரவும் இல்லை. இழுத்தபோதுதான் கத்தியது. பன்றி கத்துவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது மனுஷக் குழந்தை கத்துகிற மாதிரியேதான் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அது என் பக்கம் தலையைத் திருப்பப் பார்த்தது. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

உள்ளே போய் என்ன செய்தேன் தெரியுமா? இன்னொரு தடவை ஜூஸ் கலக்கினேன். அவர்கள் நான்கரை மணி பஸ் ஏறும் வரைக்கும் கூடவே இருந்து, கை அசைத்து அனுப்பிவைத்தேன்.

பஸ் போனதும் ஓடினேன். செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் ஓடினேன். லாரி நின்றிருந்த இடத்தில் சாணியும் அறுந்த கயிறும்தான் கிடந்தன. டீக்கடையில், “அப்பவே பூடுச்சே” என்றார்கள். எங்கே என்று கேட்டால் ஒருவர் ஆந்திரா என்றார், இன்னொருவர் தமிழ்நாடு என்றார். திரும்பி வரும் வழியில் பின் லைன் அத்தை எதிரே வந்தாள். தன் பன்றிகளைப் பட்டியில் காவல் காத்துக்கொண்டிருந்தவள், சுக்குவின் சத்தத்தை அடையாளம் கண்டு, லாரியின் பின்னால் ரோடு வரைக்கும் ஓடிப் பார்த்திருக்கிறாள். லாரி நிற்கவில்லை. அதன் மேல் நின்றிருந்த அந்தக் கம்புக்காரர், நான் இரண்டு தடவை இல்லை என்று சொன்னதை அவளிடம் கத்திச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

“என்னாண்ட கேட்டிருந்தா என்னுதுன்னு சொல்லியிருப்பேனேடி” என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை. யாரிடமும் என்னைப் பற்றிச் சொன்னதும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

எட்டரை ரயிலில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மாவின் கையில் காய்கறித் தோல் பை. “சுக்கு எங்கடி, வாசல்ல காணோம்?” என்று கேட்டாள். “கதவத் தள்ளிக்கினு போயிடுச்சி. நான் கடைக்குப் போயிருந்தேன். புடிச்சிக்கினு போயிட்டாங்களாம்” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். மத்தியானம் வராத பொய் அப்போது வந்தது.

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். லைன் லைனாக நடந்தோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டார். “எங்க பன்னிங்க. பேரு சுக்கு. கழுத்துல நீல ரிப்பன் இருக்கும். வண்டி எந்தப் பக்கம் போச்சுன்னு யாராவது பாத்தீங்களா?” ரயில் சிநேகிதர்கள், பெரிய மனிதர்கள், அவரைப் பன்னிக்காரன் மவன் என்று கூப்பிட்டவர்களின் பிள்ளைகள் எல்லோரிடமும் கேட்டார். சிலர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு அது உறைக்கவே இல்லை. எங்க பன்னி, எங்க பன்னி என்று அவர் ஒவ்வொரு வாசலிலும் சொல்லச் சொல்ல, நான் பின்னால் நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தைக்காக வாழ்நாள் முழுக்க வெட்கப்பட்டவர் அவர்தான். எனக்காக அந்த வெட்கத்தை விழுங்கிவிட்டார். எங்க பன்னி, எனக்கு வராத இரண்டு வார்த்தை அது.

திங்கட்கிழமை லீவு போட்டார். பங்காரப்பேட்டை வரைக்கும், அங்கிருந்து ஆந்திரா எல்லை வரைக்கும் கறிக்கடை கறிக்கடையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பார்த்தார் என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய கக்கூஸ் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார். உள்ளே அடைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் போட்டார்.

அந்த மூன்று தோழிகளும் இரண்டாம் வருடத்திலேயே வேறு வேறு பக்கம் போய்விட்டார்கள். ஒருத்தியின் போன் நம்பர்கூட இன்று என்னிடம் இல்லை. அவர்களுக்கு அந்த மத்தியானம் ஞாபகம் இருக்குமா என்பதே சந்தேகம். மூன்றரை வருடம் என்னோடு இருந்த ஒரு ஜீவனை, ஆறே மாதப் பழக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். கணக்கில் தூங்கியது நான்தான்.

இப்போது நானும் பெங்களூரில் வேலைக்குப் போகிறேன். அம்மா முழங்கால் முடியாமல் வேலையை விட்டுவிட்டாள். அப்பாவும் நானும் ஒரே ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போகிறோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் சில நாட்களில் அங்கே வந்து நிற்கும். “நான் ஒரு வாரம் முன்ன அந்தத் தாப்பாள மாத்தியிருந்தா அது போயிருக்காதுமா. ஞாயித்துக்கெழம படுத்துத் தூங்கிட்டேன், என் தப்பு” என்பார். எட்டு வருடமாக இதையே சொல்கிறார். அவர் மன்னித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். தலையைத் தடவி, சின்னப் பொண்ணு அப்போ நீ என்றுகூடச் சொல்வார். அதைத் தாங்க முடியாமல்தான், ஒவ்வொரு தடவையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். சுக்குவை நான் கைவிட்டது ஒரே ஒரு நாள்தான்; அப்பாவை இன்று காலை ரயிலிலும் கைவிட்டேன்.